பருப்புப் பூரணம் வைத்த ஆலு டிக்கி: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட இந்தியச் சாட் வண்டிகளில் அகன்ற இரும்புக் கல்லின் விளிம்பைச் சுற்றி அடுக்கப்பட்டு, நெய் கசிய மெல்லப் பொன்னிறமாகிக்கொண்டிருக்கும் ஆலு டிக்கியை வீட்டுத் தோசைக்கல்லில் செய்ய முயல்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. செய்முறை எளிது, தேவையான பொருள்களும் பெரும்பாலும் நம் சமையலறையில் இருப்பவையே. தவறுவதெல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான்: உருளைக்கிழங்கில் தங்கிவிடும் தண்ணீரில். ஆகவே கீழே வரும் விடைகளில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அடிக்கடி குறுக்கிடுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆலு டிக்கி என்பது நமக்குத் தெரிந்த கட்லெட்தானே?

உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம் பேக்கரிகளிலும் ரயில்களிலும் கிடைக்கும் கட்லெட்டில் உருளைக்கிழங்குடன் பீட்ரூட், கேரட், பட்டாணி போன்றவற்றை ஒன்றாகப் பிசைந்து, மைதாக் கரைசலில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். அதன் மொறுமொறுப்பு ரொட்டித் தூளிலிருந்து வருவது. டிக்கிக்கு அந்த மேலுறை கிடையாது. உருளைக்கிழங்கே கல்லில் நேரடியாகச் சிவந்து தன் ஓட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பூரணமும் மாவோடு கலக்காமல் கொழுக்கட்டைக்குள் இருப்பதுபோல நடுவில் தனியாக இருக்கிறது. 1996-இல் டெல்லி வசந்த் விஹாரில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்த மெக்டொனால்ட்ஸ், பிற்பாடு பன்னுக்குள் வைத்து விற்ற ‘மெக்ஆலு டிக்கி’ வழியாகவே பலருக்கு இந்தப் பெயர் அறிமுகமாயிற்று. அது தூள் புரட்டிப் பொரித்தது என்பதால், பெயரில் டிக்கியாகவும் செய்முறையில் கட்லெட்டாகவும் இருக்கிறது.

பெயரைக் கேட்டுக் காரின் பின்பக்கத்தை நினைத்துச் சிரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. இந்தியில் ‘டிக்கி’ என்பது வட்டமாகத் தட்டிய சிறு வில்லையைக் குறிக்கும். இதை ‘பேட்டிஸ்’ என்று அழைக்கும் வழக்கமும் இருக்கிறது; ஆனால் இலங்கையில் அந்தப் பெயர் மாவுக்குள் கறி வைத்து மடித்துப் பொரிக்கும் வேறொரு பலகாரத்துக்கு உரியது என்பதால், குழப்பம் வராமல் இங்கே டிக்கி என்றே குறிப்பிடுகிறோம்.

எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்களா?

இல்லை. டெல்லியிலும் உத்தரப் பிரதேச நகரங்களிலும் கடலைப்பருப்போ பச்சைப்பட்டாணியோ உள்ளே வைத்து, கல்லில் நிதானமாகச் சிவக்கவிட்டு, தயிரும் இரண்டு சட்னிகளும் ஊற்றித் தருவது வழக்கம். பஞ்சாபில் அதன் மேல் சோலே, அதாவது கொண்டைக்கடலை மசாலா, ஊற்றப்படும். மும்பையின் ரக்டா பேட்டிஸில் உள்ளே பூரணம் வைப்பது பெரும்பாலும் இல்லை. காய்ந்த வெள்ளைப் பட்டாணியைக் குழைய வேகவைத்த ரக்டா என்னும் குழம்புதான் அங்கே முதன்மை, உருளைக்கிழங்கு அதற்குத் துணை. இந்தூரில் பகலில் நகைக்கடை வீதியாகவும் இரவில் தின்பண்ட வீதியாகவும் இருக்கும் சராஃபா பஜாரில் தேங்காய்ப் பூரணம் வைத்து எண்ணெயில் முழுகப் பொரித்த கோப்ரா பேட்டிஸ் பெயர் பெற்றது. குஜராத்தில் விரத நாள்களுக்கென்று தேங்காய், வேர்க்கடலை, உலர்திராட்சை வைத்துச் செய்யும் ஃபராலி பேட்டிஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்தப் பக்கத்தில் சொல்லப்படுவது முதல் வகை: கடலைப்பருப்புப் பூரணம் வைத்து, கல்லில் சுடும் டெல்லி, உத்தரப் பிரதேச வகை.

எந்த உருளைக்கிழங்கை வாங்க வேண்டும்?

மாவுத்தன்மை மிகுந்த, முற்றிய, பழைய கிழங்கு வேண்டும். தோல் நகத்தால் சுரண்டினால் உரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் அது புதுக்கிழங்கு; அதில் தண்ணீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. வட இந்தியச் சமவெளியில் முதன்மை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடைபெறுகிறது. ஆக்ரா, ஃபரூக்காபாத் பகுதிகளிலிருந்து அந்நாள்களில் வரும் கிழங்கை வாங்கிய உடனே டிக்கி செய்தால் மாவு கையோடு ஒட்டுவதும் கல்லில் தளர்வதும் இயல்பு. அதே கிழங்கைக் காற்றோட்டமான இருட்டான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து செய்தால் நடத்தை மாறிவிடும்.

இந்தியாவில் பயிராகும் கிழங்குகளில் பெரும்பாலானவற்றின் பெயர் ‘குஃப்ரி’ என்று தொடங்கும். சிம்லாவில் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வகைகள் அவை; குஃப்ரி என்பது சிம்லாவுக்கு அருகிலுள்ள ஊர். 1968-இல் வெளியான குஃப்ரி ஜோதி நீலகிரியிலும் பயிராகிறது. 1998-இல் வெளியான குஃப்ரி சிப்சோனா, பெயரே சொல்வதுபோல, சிப்ஸுக்காக உருவாக்கப்பட்டது. அதில் திடச்சத்து அதிகம் என்பதால் டிக்கிக்கும் மிகப் பொருந்தும். கடையில் வகைப் பெயர் எழுதி விற்பதில்லை என்பதால் ஒரு சோதனை சொல்கிறேன். 11 கிண்ணம் தண்ணீரில் 1 கிண்ணம் உப்பைக் கரைத்து, கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மாவுக்கிழங்கு அடர்த்தி மிகுந்தது என்பதால் மூழ்கும், நீர்க்கிழங்கு மிதக்கும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் கிழங்கு எப்படிப்பட்டது என்று ஒரு முறை தெரிந்துகொள்வதற்கு இது போதும்.

மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கின் சுவைக்கு நான் எப்போதும் வாக்களிப்பேன். ஆனாலும் புதிதாகத் தோண்டி மண்ணோடு வந்த ஊட்டிக் கிழங்கைப் பொரியலுக்கு வைத்துக்கொண்டு, டிக்கிக்குச் சற்றுத் தோல் தடித்த பழைய கிழங்கைத் தேடுவதே நல்லது.

பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அப்படிப்பட்ட கிழங்கில் செய்த டிக்கி உள்ளே சூடேறும் முன்பே வெளியே கருகும். தோலில் பச்சை நிறம் ஏறிய கிழங்கில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கக்கூடும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

எப்படி வேகவைப்பது?

தோலோடு, வெட்டாமல், ஆவியில். குக்கரின் அடியில் தட்டு வைத்து, கிழங்கைத் தண்ணீர் தொடாத உயரத்தில் பாத்திரத்தில் அடுக்கி, நடுத்தர அளவுக் கிழங்கானால் நான்கு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கிய பின் திறக்கவும். தோலை உரித்து நறுக்கித் தண்ணீரில் போட்டு வேகவைத்தால், நாம் எவ்வளவு மாவு சேர்த்தாலும் ஈடுகட்ட முடியாத அளவுக்குக் கிழங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். குக்கரில் வெடித்துப்போன கிழங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மசாலாத் தோசைக்கு ஆகும்.

சூடாக இருக்கும்போதே தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, அகலமான தட்டில் பரப்பி ஆவி பறக்க விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் வெளியேறும் நீர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முழு வேலையிலும் இதைவிட மலிவான உதவி வேறில்லை. ஆறிய பின் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைக்கவும். கிழங்கிலுள்ள மாவுச்சத்து ஏறக்குறைய 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீரை உள்ளிழுத்து வீங்கிக் கூழாகிறது. குளிரும்போது அதே மாவுச்சத்து மீண்டும் இறுகி, நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பழைய சோறு இறுகுவதும் இதே காரணத்தால்தான். குளிர்ந்த கிழங்கு உதிரியாகத் துருவ வரும். சூடான கிழங்கு பசையாகும்.

மிக்ஸியில் மசிக்கலாமா?

கூடவே கூடாது. வெந்த கிழங்கின் உயிரணுக்களைச் சுழலும் கத்தி கிழித்துவிட்டால் உள்ளிருக்கும் மாவுச்சத்து வெளிவந்து முழுவதும் கோந்தாகிவிடும். அதை மீட்க வழியில்லை. பெரிய துளையுள்ள தேங்காய்த் துருவியில் துருவுவதே மிகச் சிறந்தது. கட்டிகளும் இருக்காது, அதிகம் பிசையவும் நேராது. துருவிய பிறகும் சப்பாத்தி மாவைப்போல் பிசையாமல், விரல் நுனிகளால் ஒன்றுசேர்த்தாலே போதும்.

பன்னிரண்டு டிக்கிக்கு என்ன அளவு?

உருளைக்கிழங்கு 1 கிலோ. உரித்து ஆவி போன பின் ஏறக்குறைய 900 கிராம் நிற்கும். அதற்குக் கார்ன்ஃப்ளார் அல்லது ஆரோரூட் மாவு 60 கிராம், உப்பு 2 தேக்கரண்டி. மேல் மாவில் வேறு மசாலா வேண்டாம் என்பது என் கருத்து. வறுத்த சீரகப் பொடி அரைத் தேக்கரண்டி சேர்ப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பூரணத்துக்குக் கடலைப்பருப்பு 100 கிராம். அது ஊறி வெந்து மசாலாவோடு சேர்ந்து 220 கிராம் அளவுக்கு வரும். ஒரு டிக்கிக்கு மேல் மாவு 80 கிராம், பூரணம் 18 கிராம் என்று பிரித்தால், ஏழரை சென்டிமீட்டர் அகலமும் இரண்டு சென்டிமீட்டர் கனமும் உள்ள டிக்கி கிடைக்கும். இரண்டு டிக்கி ஒருவருக்குச் சிற்றுண்டியாகப் போதும். மூன்று சாப்பிட்டால் இரவு உணவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

கார்ன்ஃப்ளாருக்குப் பதிலாகச் சோள மாவு சேர்த்தேன். ஏன் சரியாக வரவில்லை?

இது பெயரால் வந்த வினை. நம் கடைகளில் ‘சோள மாவு’ என்று கேட்டால் நாட்டுச் சோளத்தை அரைத்த மாவைத் தருவார்கள், மஞ்சள் நிற மக்காச்சோள மாவைத் தருவார்கள், சில சமயம் கார்ன்ஃப்ளாரையும் தருவார்கள். இங்கே வேண்டியது மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்த வெண்மையான நைஸ் பொடி. விரல்களுக்கிடையே அழுத்தினால் ‘கிறீச்’ என்று நெருடும். தானியத்தை அரைத்த மாவு நீரை மெதுவாகவே ஏற்கும். கல்லிலும் வறண்டு வெடிக்கும்.

ரொட்டித் தூள் சேர்க்கலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். சேர்த்தால் டிக்கி உடையாது என்பது உண்மை. ஆனால் எண்ணெயை நிறையக் குடிக்கும், சுவையும் கட்லெட்டின் பக்கம் சாய்ந்துவிடும். மைதா சவ்வுபோல் இழுக்கும். கார்ன்ஃப்ளார் இல்லாத வீட்டில் அவலை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பது நல்ல மாற்று. அரிசி மாவையும் சிறிதளவு சேர்க்கலாம், அதிகமானால் ஓடு தட்டைபோல் கெட்டியாகும்.

எதைச் சேர்த்தாலும் முழு அளவையும் ஒரே முறையில் கொட்டிவிடாமல், முக்கால் பங்கு சேர்த்து, நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்றைத் தட்டிக் கல்லில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள். உப்பையும் உருட்டப் போகும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்; உப்பிட்டு வைத்த மாவு அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும்.

பூரணம் உதிர்கிறது, அல்லது குழைகிறது. சரியான பதம் எது?

கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் மஞ்சள் தூளோடு வேகவைப்பதே பாதுகாப்பானது; குக்கரில் ஒரு விசில் தவறினாலும் பருப்பு குழம்பாகிவிடும். ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் பாத்திரத்தில் அது தன் வடிவத்தோடு இருக்க வேண்டும். போளிக்கு வேகவைக்கும் பதத்துக்கு ஒரு படி முன்னால் என்று சொன்னால் வீட்டில் போளி தட்டியவர்களுக்குப் புரியும். உடனே நீரை ஒட்ட வடித்து, வடிதட்டிலேயே கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். வடித்த நீர் ரசத்துக்கு.

பிறகு வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, சீரகம், பெருங்காயம், துருவிய இஞ்சி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் தாளித்து, பருப்பைச் சேர்த்து, மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரை, ஆம்சூர் (உலர்ந்த மாங்காய்ப் பொடி) ஒன்று, கரம் மசாலா கால் தேக்கரண்டி, உப்பு ஆகியவற்றைப் போட்டு, நீர்ப்பசை முழுவதும் வற்றும் வரை கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தால் பாதிப் பருப்பை நசுக்கிவிட்டால் மீதிப் பாதியைச் சேர்த்துப் பிடிக்கும் அளவுக்குப் பிணைப்பு வரும். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்பதும், தட்டில் போட்டால் உதிர்வதும் சரியான பதம்.

பூரணம் நன்றாக ஆறிய பின்னரே உள்ளே வைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அதன் ஆவி உள்ளிருந்தே மாவை நனைத்துவிடும். கல்லில் சுடும்போது பக்கவாட்டில் பிளந்து பருப்பு வெளியே வருவதற்கு முதற்காரணம் இதுதான். பச்சைப்பட்டாணி வைக்க விரும்பினால் அதையும் வதக்கி நீரை வற்றச்செய்து வைக்கலாம், தடையில்லை. ஆனால் மெத்தென்ற கிழங்குக்கு நடுவே பல்லில் சற்றே கடிபடும் கடலைப்பருப்புக்குப் பட்டாணி ஈடாகாது.

ஆம்சூருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு பிழியலாமா?

தட்டில் பிழியலாம், பூரணத்தில் வேண்டாம், அது ஈரம். ஆம்சூர் என்பது புளிப்பு மாங்காயைச் சீவிக் காயவைத்துப் பொடித்தது. நீரில்லாமல் புளிப்பு தருவதே அதன் பயன். சென்னையில் இருப்பவர்களுக்குச் சௌகார்பேட்டை மின்ட் தெருப் பக்கம் ஆம்சூரும் கறுப்பு உப்பும் எளிதாகக் கிடைக்கும். வீட்டில் மாவற்றல் இருந்தால் உப்பைத் தட்டி உதறி, வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்துப் பொடித்தால் அதுவே ஆம்சூராகும். உப்பைக் கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள்.

உருட்டுவதில் ஏதாவது நுணுக்கம் உண்டா?

கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, உருண்டையை உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் நடுவில் குழித்துக் கிண்ணமாக்குங்கள். விளிம்பு மெல்லியதாகவும் அடிப்பகுதி தடிமனாகவும் இருக்க வேண்டும். விளிம்புகள் மேலே கூடும்போது கனம் இரட்டிப்பாகும் என்பதால் இப்படிச் செய்தால்தான் இருபுறமும் சமமாகும். பூரணத்தை வைத்து, காற்று உள்ளே நிற்காதபடி லேசாக அழுத்தி மூடி, மிகுதியான மாவைக் கிள்ளி எடுத்துவிட்டுத் தட்டுங்கள். பக்கவாட்டில் தெரியும் வெடிப்புகளை எண்ணெய் தொட்ட விரலால் தடவி மூட வேண்டும். தண்ணீர் தொட்டு மூடினால் அந்த இடம்தான் முதலில் கல்லில் ஒட்டும். எல்லாவற்றையும் தட்டித் தட்டில் அடுக்கி, அரை மணி நேரம் குளிரில் வைத்தால் சுடும் வேலை பாதியாகக் குறையும்.

கல்லில் ஒட்டுகிறது, திருப்பும்போது உடைகிறது. என்ன செய்வது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான்; இதற்கான விடையில் பெரும்பகுதி ‘தொடாதீர்கள்’ என்பதே. பழகிய இரும்புத் தோசைக்கல்லைவிட டிக்கிக்குப் பொருத்தமான பாத்திரம் இல்லை. வண்டிக்காரரின் கல்லும் அதே இரும்புதான், அளவில்தான் பெரிது. கல்லை நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, நான்கு டிக்கிக்கு மூன்று மேசைக்கரண்டி என்ற அளவில் எண்ணெயோ நெய்யோ விட்டு, அது சூடேறிய பின் டிக்கிகளை இடைவெளி விட்டு வையுங்கள். வைத்தவுடன் ‘சொய்ங்’ என்ற ஒலி கேட்க வேண்டும். பிறகு தீயைச் சற்றுக் குறைத்து, ஏழு எட்டு நிமிடம் நகர்த்தவோ தூக்கிப் பார்க்கவோ கூடாது.

நீர் உள்ள வரை டிக்கியின் அடிப்பரப்பு 100 பாகையைத் தாண்டிச் சூடேறாது. நீர் ஆவியாகி, வெப்பம் 140 பாகையைக் கடந்த பிறகே நிறமும் மணமும் தரும் வினை தொடங்குகிறது. அந்த ஓடு முழுதாகும் வரை டிக்கி கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓடு உண்டானதும் தானே விட்டுவிடும். மூன்றாம் நிமிடத்தில் தோசைத் திருப்பியை நுழைப்பவர்கள் அரைகுறை ஓட்டைக் கல்லிலேயே விட்டுவிட்டு மேலே உள்ள பகுதியை மட்டும் தூக்குகிறார்கள். ஒலி அடங்கி, விளிம்பில் பழுப்புக் கோடு தெரிந்து, கல்லை அசைத்தால் டிக்கி நகர்கிறதா என்று பாருங்கள், நகர்ந்தால் திருப்பலாம்.

இதையெல்லாம் செய்தும் உடைந்தால் குறை கல்லில் இல்லை, மாவில் இருக்கிறது: கிழங்கு நீர் கோத்திருக்கும், அல்லது சூடாக இருக்கும்போதே மசித்திருப்பீர்கள். அன்றைக்கு மட்டும் இன்னும் 20 கிராம் கார்ன்ஃப்ளார் சேர்த்துச் சமாளியுங்கள்.

வீட்டில் செய்வது கடையில் கிடைப்பதுபோல மொறுமொறுப்பாக இருப்பதில்லையே?

கடையில் ஒரே தடவையில் சுடுவதில்லை என்பதுதான் காரணம். வண்டியின் கல்லில் நடுப்பகுதிதான் நெருப்புக்கு மேலே இருக்கும். மாலையில் கடை திறந்ததும் எல்லா டிக்கிகளையும் வெளிர்ப் பொன்னிறம் வரும் வரை சுட்டு, வெப்பம் குறைந்த விளிம்புக்கு நகர்த்தி அடுக்கிவிடுகிறார்கள். ஆள் வந்து கேட்கும் வரை அவை அங்கேயே இளஞ்சூட்டில் காய்ந்துகொண்டிருக்கும். கேட்டதும் நடுவுக்கு இழுத்து, நெய்யை ஊற்றி, திருப்பியால் லேசாக அமுக்கிச் சிவக்கவிடுகிறார்கள். நாம் எண்ணுவதைப்போல ஐந்து நிமிடத்தில் அது தயாராகவில்லை. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கல்லில் கிடந்திருக்கிறது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். இருபுறமும் வெளிர்ப் பொன்னிறம் வந்ததும் எடுத்து, தட்டில் அல்ல, கம்பித் தட்டில் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் ஓட்டுக்கு வந்து அதைச் சற்றுத் தளர்த்தும். பிறகு கல்லில் எண்ணெயை நன்கு சூடாக்கி, ஒவ்வொன்றையும் திருப்பியால் சிறிதே அமுக்கி, ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் மீண்டும் சுட்டால், ஓரங்களில் புதிய வெடிப்புகள் உண்டாகி, அவற்றில் எண்ணெய் புகுந்து, அப்பளம்போல் ஒலிக்கும் ஓடு வரும். விருந்தாளிகள் வரும் நாளில் முதற்சுடுதலை முன்பே முடித்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

எண்ணெயில் முழுகப் பொரித்தால் எளிதாயிற்றே?

பொரிக்கலாம், இந்தூர் வகை அப்படித்தான். ஆனால் ரொட்டித் தூளின் காப்பு இல்லாத டிக்கி, எண்ணெய் போதிய சூட்டில் இல்லாவிட்டால் வாணலியிலேயே கரைந்துபோகும். பொரிப்பதென்றால் கனத்தைக் குறைத்து, உலர்ந்த ஆரோரூட் மாவில் ஒரு முறை புரட்டி, ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் போடாமல் பொரியுங்கள்.

நெய்யா, எண்ணெயா?

மணத்துக்கு நெய், செலவுக்கு எண்ணெய். முதற்சுடுதலுக்குக் கடலை எண்ணெயும் இரண்டாவதற்கு நெய்யும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பயனும் கிடைக்கும். வண்டிகளில் வனஸ்பதி பயன்படுத்துவதுண்டு. ஓடு கூடுதலாக விறைப்பது உண்மைதான், இருந்தாலும் வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏர் ஃபிரையரில் வருமா?

வரும். இருபுறமும் எண்ணெய் தடவி 190 பாகையில் பதினெட்டு நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பி. உண்ணத் தக்கதாக இருக்கும். ஆனால் கல்லோடு ஒட்டிக் கிடந்து சிவந்த ஓடு அதில் கிடைக்காது. எண்ணெயைக் குறைக்க வேண்டியவர்கள் முதற்சுடுதலை ஏர் ஃபிரையரிலும் இரண்டாவதை ஒரு தேக்கரண்டி நெய் விட்டுத் தோசைக்கல்லிலும் செய்வது நல்ல சமரசம்.

வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா?

பூரணத்திலோ மாவிலோ சேர்க்க வேண்டாம். வெங்காயம் நீர் விடும். பரிமாறும்போது மேலே தூவிக்கொள்ளலாம். நவராத்திரி விரதத்துக்குச் செய்பவர்கள் பருப்பை விட்டுவிட்டு, பொடித்த முந்திரி, உலர்திராட்சை, பச்சை மிளகாய் வைத்து, சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பும், கார்ன்ஃப்ளாருக்குப் பதில் சிங்காடா என்னும் நீர்க்கொட்டையை அரைத்த மாவும் சேர்ப்பது வட இந்திய வழக்கம்.

சட்னிகளை எப்படிச் செய்வது?

இனிப்புச் சட்னிக்கு அங்கே ‘சோண்ட்’ என்று பெயர். சோண்ட் என்றால் சுக்கு. அதைச் சேர்க்காமல் செய்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்வது முறையல்ல. புளி 50 கிராமைக் கரைத்து வடிகட்டி, வெல்லம் 150 கிராம், கொட்டை நீக்கி அரைத்த பேரீச்சம்பழம் பத்து ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு கிண்ணம் அளவில் கொதிக்கவிடுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் சுக்குப்பொடி, வறுத்த சீரகப்பொடி தலா ஒரு தேக்கரண்டியும், மிளகாய்த்தூள், கறுப்பு உப்பு தலா அரைத் தேக்கரண்டியும் சேர்த்து இறக்கவும். ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதை நினைவில் வைத்துச் சற்று முன்பே இறக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் நிற்கும்.

பச்சைச் சட்னிக்குக் கொத்துமல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு, பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சைச் சாறு, உப்பு. இரண்டு தேக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் நீர் பிரியாமல் டிக்கியின் மேல் நிற்கும். தயிர் புளிக்காததாக, துணியில் அரை மணி நேரம் வடித்ததாக, ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கடைந்ததாக இருக்க வேண்டும். கறுப்பு உப்பில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வேகவைத்த முட்டையை நினைவூட்டும் மணத்தைத் தருவதால் முதன்முறை முகர்பவர்கள் தயங்குவார்கள். சட்னியில் கலந்த பிறகு அந்த மணம்தான் வீட்டுத் தட்டைக் கடைத் தட்டாக மாற்றுகிறது.

ஊற்றும் வரிசையும் முக்கியம். டிக்கியை இரண்டாக உடைத்து, முதலில் தயிர், அதன் மேல் இனிப்பு, பிறகு பச்சை, கடைசியாக சீரகப்பொடியும் ஓமப்பொடியும். ஊற்றிய இரண்டு நிமிடத்தில் உண்ண வேண்டும். எல்லோருக்கும் தட்டு தயாராகட்டும் என்று காத்திருப்பது விருந்தோம்பலாக இருக்கலாம். டிக்கிக்கு அது கெடுதல்.

முதல் நாளே செய்து வைக்கலாமா? மீந்தால்?

பச்சையாகத் தட்டி வைத்த டிக்கியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். வெந்த கிழங்கை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைப்பது பாதுகாப்பல்ல. நம் ஊர்க் கோடையில் அதற்கும் குறைவாகவே வையுங்கள். உறைநிலைப் பெட்டியில் வைக்க விரும்பினால் பச்சையாக வைக்காதீர்கள், உருகும்போது நீர் விட்டுவிடும். முதற்சுடுதல் முடித்து, ஆறவைத்து, இடையிடையே காகிதம் வைத்து அடுக்கினால் ஒரு மாதம் வரை வரும். வெளியே எடுத்து உருகவிடாமல் நேரே சிறு தீயில் கல்லுக்குப் போக வேண்டும்.

மீந்ததை மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓடு தோலாகிவிடும். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே நசுக்கி வைத்து, பச்சைச் சட்னி தடவி, அதே தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு வாட்டினால் மறுநாள் காலைச் சிற்றுண்டி முடிந்தது.